ட்விஸ்ட்டா, வேகமா? ரைபிள் குண்டின் நிலைப்பைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

இலக்குத் தாளில் வட்டமான துளைக்குப் பதிலாக நீளவாக்கில் ஒரு கிழிசல் இருந்தால், குண்டு மூக்கை முன்னே நீட்டி வரவில்லை, புரண்டு வந்து பக்கவாட்டில் மோதியிருக்கிறது என்று அர்த்தம். இதைக் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வெடிமருந்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். வேகம் ஏறினால் சுழற்சியும் ஏறும், சரியாகிவிடும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு பலவீனமான யோசனை என்று தெரியும். பேரல் வாயை விட்டு வெளியேறும் நொடியில் குண்டு நிமிர்ந்து நிற்குமா என்பதை ஏறக்குறைய முழுவதுமாக முடிவு செய்வது பேரலின் ட்விஸ்ட்டும் (உள்ளே வெட்டியிருக்கும் புரி எவ்வளவு தூரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது என்ற அளவு) குண்டின் நீளமும். வேகத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஆனால் அது வேறு இடத்தில், வெகு தூரத்தில் நடக்கிற வேலை.

கூட்டல் பெருக்கலும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் போதும், உங்கள் ரைபிளுக்கும் உங்கள் குண்டுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

குண்டு ஏன் சுழல வேண்டும்

கூர்மூக்குக் குண்டின் எடையில் பெரும்பகுதி பின்பக்கம் இருக்கிறது. காற்றின் அழுத்தம் சேர்ந்து தாக்கும் புள்ளியோ அந்த எடைமையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கம் விழுகிறது. ஆகவே குண்டு இம்மி சாய்ந்தாலும் காற்று அதன் மூக்கைப் பிடித்து மேலும் சாய்க்கத்தான் பார்க்கும். அம்புக்கு இந்தச் சிக்கல் கிடையாது, பின்னால் இறகு இருக்கிறது. குண்டுக்கு இறகு இல்லாததால் அதைப் பம்பரம் மாதிரி சுழற்றி அனுப்புகிறோம். பேரலுக்குள் திருகு வடிவில் வெட்டியிருக்கும் புரிகள் குண்டைக் கவ்வித் திருப்புவது இதற்காகவே.

சுழற்சி தரும் விறைப்பை, காற்று கவிழ்க்கப் பார்க்கும் விசையோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் விகிதத்தை இங்கே நிலைப்பு எண் என்று வைத்துக்கொள்வோம். 1-க்குக் கீழே போனால் குண்டு கவிழும். 1-ஐக் கொஞ்சம் தாண்டினால் கவிழாது, ஆனால் தலையாட்டிக்கொண்டே போகும். நடைமுறையில் 1.4-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது பழைய வழக்கம். அப்ளைடு பாலிஸ்டிக்ஸ் நிறுவனத்தின் பிரையன் லிட்ஸ் சுட்டு அளந்து காட்டிய பிறகு, நெடுந்தூரம் சுடுபவர்கள் 1.5 வேண்டும் என்கிறார்கள். அதற்குக் கீழே குண்டு தாளில் அழகான வட்டத் துளை போட்டாலும், காற்றைக் கிழித்துப் போகும் திறன் சற்றுக் குறைந்துவிடுகிறது.

முதல் படி: உங்கள் பேரலின் ட்விஸ்ட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

1:8 என்று பேரலில் பொறித்திருந்தால், குண்டு 8 அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றும். 1:12 என்றால் ஒரு சுற்றுக்கு 12 அங்குலம் வேண்டும். எண் சிறியதானால் ட்விஸ்ட் வேகமானது. புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. சில பேரல்களில் மில்லிமீட்டரில் இருக்கும்: 178 என்றால் 7 அங்குலம், 203 என்றால் 8, 254 என்றால் 10, 305 என்றால் 12.

பொறிப்பு இல்லை, அல்லது அதில் நம்பிக்கை இல்லை என்றால் அளந்துவிடலாம். முதலில் மேகஸினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். போல்ட்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். கைப்பிடியில் பேரிங் உள்ள, தானாகச் சுழலும் கிளீனிங் ராடில் துணியை இறுக்கமாகச் சுற்றிப் பேரலுக்குள் செலுத்துங்கள். துணி புரிகளைக் கவ்வியதும் ராட் திரும்ப ஆரம்பிக்கும். ராடின் மேல்பக்கம் ஒரு கோடு போட்டு, அது பேரலுக்குள் நுழையும் இடத்திலும் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிக்கொண்டே போய், மேலே இருந்த கோடு ஒரு சுற்று முடித்து மறுபடி மேலே வரும்போது நிறுத்தி, ராட் எவ்வளவு நீளம் உள்ளே போயிருக்கிறது என்று அளந்தால் அதுதான் ட்விஸ்ட். பேரல் குட்டையாக இருந்தால் அரைச் சுற்றுக்கு அளந்து இரட்டிக்கலாம்.

துணி தளர்வாக இருந்தால் புரியை விட்டு வழுக்கும், ட்விஸ்ட் உள்ளதைவிட மெதுவானதாகத் தெரியும். அதனால் இரண்டு மூன்று தடவை அளந்து, ஒத்துவரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: குண்டின் எடை அல்ல, நீளம்

"கனமான குண்டுக்கு வேகமான ட்விஸ்ட்" என்று எல்லோரும் சொல்கிறோம். பெட்டியில் எடைதான் அச்சாகியிருக்கிறது, நீளம் இல்லை. ஆனால் குண்டைக் கவிழ்ப்பது நீளம்தான். ஒரே விட்டத்தில் எடை கூட வேண்டுமானால் நீளம் கூடியாக வேண்டும் என்பதால் எடைக்கணக்கு ஓரளவு ஒத்துவருகிறது, அவ்வளவுதான்.

அது ஒத்துவராத இடம் முழுச் செம்புக் குண்டு. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்புக்கு 8.9. அதே எடையைச் செம்பில் செய்தால் குண்டு நீண்டுவிடும். ஈயக் குண்டுக்குப் பொருந்திய பேரல், அதே எடைச் செம்புக் குண்டுக்குப் போதாமல் போவது இதனால்தான்.

ஆகவே வெர்னியரை எடுத்து, உறையும் மருந்தும் சேர்ந்த தோட்டாவை அல்ல, தனிக் குண்டை மூக்கிலிருந்து அடிவரை அளந்து அங்குலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டாவாக மட்டுமே வாங்குபவர்கள் குண்டு தயாரிப்பாளரின் பட்டியலில் நீளத்தைத் தேடலாம். பிளாஸ்டிக் மூக்குள்ள குண்டானால் மொத்த நீளம், பிளாஸ்டிக் நீங்கலாக உலோகப் பகுதியின் நீளம் இரண்டையும் எழுதி வையுங்கள்.

இந்தக் கணக்கில் சறுக்கி ஒரு தோட்டாவே சந்தையை இழந்த கதை உண்டு. 1955-ல் விஞ்செஸ்டர் நிறுவனம் .243 என்ற தோட்டாவையும் ரெமிங்டன் நிறுவனம் .244 என்ற தோட்டாவையும் கொண்டுவந்தன. பெயரில் எண் வேறானாலும் இரண்டும் ஒரே விட்டம், சக்தியிலும் பெரிய வேறுபாடு இல்லை. விஞ்செஸ்டர் பேரல் 1:10. 100 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டைத் தாங்கியது. ரெமிங்டன் சிறு விலங்குகளைச் சுடும் லேசான குண்டுகளை மனதில் வைத்து 1:12 போட்டது. மான் வேட்டைக்கும் அதே ரைபிள் வேண்டும் என்று நினைத்தவர்கள் விஞ்செஸ்டர் பக்கம் போய்விட்டார்கள். 1963-ல் ரெமிங்டன் அதே தோட்டாவை 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயர் மாற்றி 1:9 பேரலோடு கொடுத்தது. அதற்குள் காலம் கடந்திருந்தது.

மூன்றாம் படி: கணக்கு

1879-ல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 150-ஐ விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் தேவையான ட்விஸ்ட். வேகமான குண்டுகளுக்கு 150-க்குப் பதில் 180. மனக்கணக்குக்கு நல்லது. ஆனால் கீழே வரப்போகும் 77 கிரெய்ன் குண்டுக்கு ஒரு மாறிலி 7.6 என்கிறது, இன்னொன்று 9.1 என்கிறது. பேரல் வாங்கப் போகிறவருக்கு இந்த ஒன்றரை அங்குல இடைவெளி உதவாது.

நான் பரிந்துரைப்பது டான் மில்லர் என்ற ஆய்வாளரின் விதியை. அதைப் பயன்படுத்த வசதியாகக் கொஞ்சம் சுருக்கி எழுதினால்:

நிலைப்பு எண் = (30 × எடை) ÷ (ட்விஸ்ட் × ட்விஸ்ட் × நீளம் × (1 + விகிதம் × விகிதம்))

எடை கிரெய்னில், ட்விஸ்ட்டும் நீளமும் அங்குலத்தில். விகிதம் என்பது நீளத்தை விட்டத்தால் வகுத்தது. 15 டிகிரி செல்சியஸ், கடல்மட்டக் காற்றழுத்தம், வினாடிக்கு 2,800 அடி (853 மீட்டர்) வேகம் ஆகியவற்றுக்கான எண் இது. பிளாஸ்டிக் மூக்குக் குண்டானால், தனியாக வரும் 'நீளம்' என்ற இடத்தில் உலோக நீளத்தையும், விகிதத்துக்கு மொத்த நீளத்தையும் போட வேண்டும்.

ஒரு உதாரணம் போடுவோம். .224 அங்குல விட்டம், 77 கிரெய்ன், 0.995 அங்குல நீளம், பேரல் 1:8. விகிதம் 4.442, அதன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் 20.73. மேலே 30 × 77 = 2,310. கீழே 64 × 0.995 × 20.73 = 1,320. விடை 1.75. தாராளமாகப் போதும்.

அதே குண்டுக்கு ட்விஸ்ட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள்:

1:7 — 2.29
1:8 — 1.75
1:9 — 1.38
1:10 — 1.12
1:12 — 0.78

8-லிருந்து 9-க்கு ஒரே ஒரு அங்குலம் நகர்ந்ததும் நிலைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. சூத்திரத்தில் ட்விஸ்ட் வர்க்கமாக வருவதால் இப்படி. நீளம் இன்னும் மோசம், ஏறக்குறைய கனமாக வருகிறது.

பேரல் இன்னும் வாங்கவில்லை என்றால் தலைகீழாகப் போடலாம்: 2,310-ஐ 1.5, 0.995, 20.73 மூன்றாலும் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 8.64. அதாவது 1:8.5 அல்லது அதைவிட வேகமான பேரல் வேண்டும்.

நான்காம் படி: வேகத்தைச் சேருங்கள்

வேகத்துக்கான திருத்தம் இது: உங்கள் வேகத்தை 2,800-ஆல் வகுத்து, கனமூலம் எடுத்து, மேலே கிடைத்த நிலைப்பு எண்ணோடு பெருக்க வேண்டும். கனமூலம் என்ற சொல்லில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

மேலே சொன்ன 1:9 பேரலில் 1.38 வந்தது. வேகம் 3,100 அடியானால் 1.43. 2,500 அடிக்குக் குறைந்தால் 1.33. அறுநூறு அடி வித்தியாசத்துக்குக் கிடைத்தது 0.10. ஒரு அங்குல ட்விஸ்ட் தந்ததோ 0.37.

சரி, 1:12 பேரலில் இதே குண்டை வேகத்தால் மட்டும் நிமிர்த்த முடியுமா? கவிழாமல் இருக்க, அதாவது வெறும் 1.0-ஐத் தொட, வினாடிக்கு ஏறத்தாழ 5,900 அடி வேண்டும். 1.4 வேண்டுமென்றால் 16,000 அடிக்கும் மேல். எந்த ரைபிளும் அந்தப் பக்கம் போகாது. மருந்தைக் கூட்டச் சொல்லும் யோசனை பயனற்றது மட்டுமல்ல, தோட்டாவைத் தாங்களே நிரப்புபவர்களுக்கான ரீலோடிங் கையேட்டின் உச்ச வரம்பைத் தாண்டினால் சேம்பர் அழுத்தம் எகிறி ஆளுக்கே ஆபத்து.

ஏன் இப்படி? வேகத்தை இரட்டித்தால் சுழற்சியும் இரட்டிக்கும் என்பது உண்மை. வினாடிக்கு அடியில் உள்ள வேகத்தை 720-ஆல் பெருக்கி ட்விஸ்ட்டால் வகுத்தால் நிமிடச் சுற்று கிடைக்கும்: 2,800 அடி, 1:10 பேரல் என்றால் 2,01,600. இந்தப் பெரிய எண்ணைப் பார்த்துத்தான் பலரும் மயங்குகிறார்கள். சுழற்சியால் வரும் விறைப்பு சுழற்சியின் வர்க்கமாகக் கூடுகிறது. கூடவே காற்று கவிழ்க்கும் விசையும் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. மிஞ்சுவது ஒரு சின்ன லாபம்: ஒலியைத் தாண்டிய வேகங்களில், வேகம் கூடக் கூடக் காற்றின் கவிழ்க்கும் பிடி கொஞ்சம் தளர்கிறது. கனமூலம் குறிப்பது அந்தச் சின்ன லாபத்தைத்தான்.

வேகம் உண்மையிலேயே முடிவை மாற்றும் இடம் ஒன்று உண்டு: ஒலிக்குக் கீழான வேகத்தில் சுடும்போது. .308 விட்டம், 220 கிரெய்ன், 1.489 அங்குலக் குண்டை எடுத்துக்கொள்வோம். 1:12 பேரலில், 2,400 அடி வேகத்தில் 1.20 வருகிறது, எப்படியோ சமாளிக்கும். 1,050 அடிக்கு இறக்கினால் 0.91, கவிழ்ந்துவிடும். ஒலியின் வேகத்தை ஒட்டிய இடத்தில் மில்லர் விதி தோராயம்தான், ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை. 1:8 பேரல் அதே மெதுவான குண்டுக்கு 2.05 தருகிறது. ஒலிக்குக் கீழான வேகத்திலும் சுடுவதற்கென்றே உருவான .300 பிளாக்அவுட் ரைபிள்கள் 1:8, 1:7 என்று வருவதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

ஐந்தாம் படி: காற்று

அடர்ந்த காற்று அதிகமாகக் கவிழ்க்கும். திருத்தம் எளிது: வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டி 288-ஆல் வகுங்கள், 1013-ஐ அந்த இடத்தின் காற்றழுத்தத்தால் வகுங்கள், இரண்டையும் நிலைப்பு எண்ணோடு பெருக்குங்கள். அழுத்தம் ஹெக்டோபாஸ்கலில், நீங்கள் நிற்கும் உயரத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். வானிலைச் செய்தியில் சொல்வது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். அதைப் போட்டால் கணக்கு கெடும்.

நம் 1.38, மைனஸ் 20 டிகிரியில் 1.21 ஆகிறது. 1,500 மீட்டர் உயரத்தில், அழுத்தம் 845 அளவில், வெப்பநிலை மாறாமல் 1.66 ஆகிறது. வேகத்தை அறுநூறு அடி மாற்றிக் கிடைத்ததைவிட இரண்டு மாற்றமும் பெரியவை. மலையில் சரியாகச் சுட்ட ரைபிள் கடற்கரையின் குளிர்காலக் காலையில் சொதப்புவதற்கு மந்திரம் எதுவும் காரணமில்லை.

ஏஆர்-15-இன் தொடக்ககாலப் பேரல்கள் 1:14. சாதாரண வெப்பத்தில் 55 கிரெய்ன் குண்டை அது சமாளித்தது. கடுங்குளிர் சோதனைகளில் குண்டு நிலைகொள்ளவில்லை என்று தெரிந்ததும் அமெரிக்க ராணுவம் 1:12-க்கு மாறியது. பின்னால் அதன் ராணுவ வடிவமான எம்16ஏ2 1:7-க்குப் போனதற்குக் காரணம் 62 கிரெய்ன் சாதாரணக் குண்டல்ல, அதற்கு 1:9-ஏ போதும். அதனோடு சேர்த்துச் சுடும், பாதை தெரியும்படி ஒளிவிட்டுப் போகும் ட்ரேசர் குண்டு மிக நீளமானது, அதற்குத்தான் 1:7.

ஆகவே நீங்கள் சுடப்போகும் இடங்களில் எது மிகக் குளிராகவும் மிகத் தாழ்வாகவும் இருக்கிறதோ, அதற்குக் கணக்குப் போடுங்கள்.

ஆறாம் படி: தாளில் சரிபாருங்கள்

விறைப்பான அட்டையில் தாளை ஒட்டி 25 மீட்டரிலும் 100 மீட்டரிலும் சுட்டுத் துளைகளைக் கூர்ந்து பாருங்கள். சுத்தமான வட்டம் என்றால் நல்லது. லேசாக முட்டை வடிவம், ஒரு பக்கம் மட்டும் தடித்த கருவளையம் என்றால் குண்டு சாய்ந்து வந்திருக்கிறது. நீளக் கிழிசல் என்றால் கவிழ்ந்தேவிட்டது.

கணக்கில் 1.7 வந்தும் தாளில் கிழிசல் தெரிந்தால் ட்விஸ்ட்டைக் குறை சொல்லாதீர்கள். தேய்ந்துபோன புரிகள், பேரல் வாயின் விளிம்பில் அடி, விட்டம் குறைந்த குண்டு, பேரல் முனையில் மாட்டிய கருவியில் குண்டு உரசுவது என்று வேறு காரணங்கள் உண்டு. சைலன்ஸர் மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிலைப்பு எண் 1-ஐ ஒட்டியிருக்கும் குண்டை அதன் வழியாகச் சுடவே கூடாது. சாய்ந்த குண்டு உள்ளே இருக்கும் தடுப்புகளில் மோதும். முதலில் அதைக் கழற்றிவிட்டுத் தாளில் பாருங்கள்.

ட்விஸ்ட் அதிகமாகிவிட்டால்?

அளவுக்கு மீறி நிலைப்பு வந்துவிடும் என்ற பயம் ரைபிளைப் பொறுத்தவரை பெரும்பாலும் வீண். வானை நோக்கி வளைத்துச் சுடும் பீரங்கிக்கு அது உண்மையான சிக்கல். ரைபிள் குண்டின் பாதை அவ்வளவு வளைவதில்லை. 2.3 வந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

உண்மையான விலை வேறு. குண்டுக்குள் எடை கொஞ்சம் ஒருபக்கமாக இருந்தால், சுழற்சி கூடும் அளவுக்குத் துளைகள் சிதறும். போட்டிகளுக்கென்று துல்லியமாகச் செய்த நல்ல மேட்ச் குண்டில் இது அவ்வளவாகத் தெரியாது, மலிவான குண்டில் தெரியும். இன்னொன்று, மெல்லிய உறையுள்ள லேசான குண்டுகள். .22-250 என்ற வேகமான தோட்டாவில், வினாடிக்கு 3,800 அடியில் 1:14 பேரல் ஏறத்தாழ 1,95,000 நிமிடச் சுற்று தருகிறது, 1:8 பேரல் 3,42,000. இந்தச் சுழற்சியில் உறை பிய்ந்து, குண்டு தாளை எட்டாமலே காற்றில் சாம்பல் நிறக் கோடாகச் சிதறிவிடலாம். சுழற்சியின் எண்ணிக்கை முக்கியமாவது இங்கேதான். வேகத்தைக் குறைப்பது வேலை செய்வதும் இங்கேதான்.

வலப்புரிப் பேரலில் குண்டு வலப்பக்கம் மெல்ல விலகுவதும் உண்டு. .308-க்கு 1,000 கஜத்தில் 20 முதல் 25 சென்டிமீட்டர். 300 மீட்டருக்குள் சுடுபவர்கள் இதை மறந்துவிடலாம்.

தூரம் போகப் போக

குண்டு பறக்கும்போது அதன் வேகம் மளமளவென்று குறைகிறது, சுழற்சியோ மிக மெதுவாகத்தான் குறைகிறது. வேகம் பாதியாகி, சுழற்சி பத்தில் ஒன்று மட்டும் குறைந்திருந்தால், நிலைப்பு எண் தொடக்கத்தில் இருந்ததைப்போல மூன்று மடங்கு அளவுக்குப் போய்விடும். ஆக, இந்த வகை நிலைப்புக்குப் பேரல் வாய்தான் மிக மோசமான இடம். அங்கே தாங்கிவிட்ட குண்டு போகப் போக உறுதியாகிறது.

அப்படியானால் 800, 900 மீட்டரில் சில குண்டுகள் திடீரென்று ஏன் தடுமாறுகின்றன? ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, ஏறத்தாழ அதன் 1.2 மடங்கிலிருந்து 0.8 மடங்கு வரை, குண்டின் மேல் உள்ள அதிர்வலைகள் இடம் மாறுகின்றன. அதுவரை அடங்கியிருந்த தலையாட்டம் அடங்காமல் வளரத் தொடங்கலாம். இது இயக்க நிலைப்பு என்ற தனிச் சங்கதி. மில்லர் விதி இதைப் பற்றி எதுவும் சொல்லாது. 300 மீட்டர் போட்டிக்காக உருவான .308-இன் 168 கிரெய்ன் மேட்ச் குண்டு அங்கே அருமையாகச் சுடும். 1,000 கஜத்துக்கு அனுப்பினால் ஒலி வேகத்தை ஒட்டித் தடுமாறும். அதன் வால் 13 டிகிரி சரிவு. பின்னால் வந்த 175 கிரெய்னின் வால் 9 டிகிரிதான், அது ஒழுங்காகக் கடக்கிறது. பேரலை 1:12-லிருந்து 1:10-க்கு மாற்றினாலும் 168-இன் இந்தக் குணம் போகாது.

வேகத்தின் உண்மையான பலன் இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. பேரல் வாயில் 150 அடி கூடுதலாகக் கிடைத்தால், குண்டு அந்தத் தடுமாற்ற எல்லையை எட்டும் தூரம் இன்னும் பல பத்து மீட்டர் தள்ளிப்போகும். நீண்ட பேரல், காற்றைக் குறைவாக எதிர்க்கும் குண்டு, சூடான மெல்லிய காற்று எல்லாம் அதே உதவியைச் செய்யும். குண்டின் பாதையைக் கணக்கிடும் உங்கள் பாலிஸ்டிக் செயலியில் குண்டின் வேகம் வினாடிக்கு 1,340 அடிக்கு, அதாவது ஒலியின் 1.2 மடங்குக்கு, இறங்கும் தூரம் எது என்று பாருங்கள். நீங்கள் சுட நினைக்கும் தூரம் அதற்கு இந்தப் பக்கம் இருந்தால் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தப் பக்கம் இருந்தால் வேறு குண்டைத் தேடுங்கள்; அதன் நீளத்தை அளந்து இரண்டாம் படியிலிருந்து மறுபடி கணக்கைத் தொடங்குங்கள்.